ராகு காலத்தில் நிறுத்திவைத்த மெயில்கள்

என் குறிப்பேட்டில் அந்த ஆடி மூன்றாம் வெள்ளிக்கு எதிரே மூன்றே வாக்கியங்கள் இருக்கின்றன: "பன்னிரண்டுக்கு ரிலீஸ். உடனே 421. முதலாளிக்கு மோர் கொடுத்தோம்."

ஆங்கிலத் தேதியையும் கடையின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். "எழுதிக்கோங்க டீச்சர். ஆனா கடப் பேரப் போட்டீங்கன்னா எதுத்த கடைக்காரன் ஒரு வருசத்துக்கு சிரிச்சிக்கினு இருப்பான்" என்று முதலாளி கேட்டுக்கொண்டார். மற்றவற்றை நடந்தபடியே எழுதுகிறேன். மெயில் சர்வர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிப்பதற்காக எழுதுவதால், சர்வர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் இடையிடையே சொல்லிக்கொண்டு போகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் காஞ்சிபுரத்தில் நெடுங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினேன். அதனால் வகுப்பை மூடிய பிறகும் ஊரில் எனக்கு 'டீச்சர்' என்றே பெயர். பிறகு பட்டுச் சேலைக் கடைகள் சிலவற்றுக்குக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவற்றில் ஒரு கடைக்கு மட்டும் சொந்தமாக மெயில் சர்வர் உண்டு. கதை அந்தக் கடையில் நடந்தது.

1. ஜரிகை அறையில் ஒரு பெட்டி

கடை முதலாளி குமரேசன் நெசவாளர் குடும்பம். இளவயதில் தானே தறியில் உட்கார்ந்தவர். அவர் என்னைக் கூப்பிட்டனுப்பிய முதல் நாள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: கடையின் மெயில்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன?

வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கின்றன, அது எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கல்யாண சீசனுக்கு ஆறு மாதம் முன்பே புது டிசைன்களின் படங்கள் மெயிலில் போய் வருகின்றன. கரை டிசைன் ஒன்று வெளியே கசிந்தால் நாலே வாரத்தில் அதே சேலை பாதி விலைக்குப் பவர்லூமில் வந்துவிடும்.

"என் டிசைனு என் வூட்ல இருக்கணும், டீச்சர். அவ்ளோதான்" என்றார்.

சொந்த சர்வர் வைப்பது எளிதல்ல என்று நான் அடுக்கிய காரணங்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்க வெக்கலாம்?" என்றார்.

கடையில் இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓடும் இடம் ஒன்றுதான்: ஜரிகைக் கட்டுகளைப் பூட்டி வைக்கும் சின்ன அறை. அங்கே ஒரு ஸ்டூலில் கணினியை வைத்தோம். விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து அவரே பவர் பட்டனை அழுத்தினார். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். ஃபேன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு அவருக்கு விளக்கினேன். நீங்கள் 'அனுப்பு' பட்டனை அழுத்தியதும் மெயில் வெளியூர் போய்விடுவதில்லை. முதலில் இந்த அறைக்கு வருகிறது. இங்கே ஒரு வரிசை இருக்கிறது; க்யூ என்போம். சர்வர் அந்த வரிசையிலிருந்து மெயிலை எடுத்து, பெறுபவருடைய முகவரியில் '@' குறிக்குப் பின்னால் உள்ள பெயரைப் பார்க்கும். அந்தப் பெயருக்கு உரிய கடிதங்களை வாங்கும் சர்வர் எது என்று இணையத்தின் பொதுப் பதிவில் விசாரிக்கும். அதற்கு எம்.எக்ஸ். என்று பெயர். விலாசம் கிடைத்ததும் அந்த சர்வரின் கதவைத் தட்டி, தான் யார், யாரிடமிருந்து, யாருக்கு என்று வரிசையாகச் சொல்லும். எதிர்ப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லும்.

எண்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோயில் கணக்கில் சொன்னேன். இரண்டில் தொடங்கினால், 250 என்று வந்தால், வாங்கிக்கொண்டாயிற்று. நான்கில் தொடங்கினால் நடை சாத்தியிருக்கிறது, பிறகு வா என்று அர்த்தம். நம் சர்வர் கொஞ்ச நேரம் விட்டுத் தானே மறுபடி போகும். ஐந்தில் தொடங்கினால் இந்தக் கோயிலில் உனக்கு வேலையே இல்லை. மெயில் நமக்கே திரும்பி வரும்.

"நாலுன்னா நடை சாத்திட்டான். அஞ்சுன்னா வெரட்டிட்டான்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து மெயில் போகவில்லை என்றால் என்னிடம் கேட்பது, "நாலா, அஞ்சா?" என்பதுதான். பொறியியல் படித்த பலரிடமிருந்து இவ்வளவு சரியான கேள்வியை நான் கேட்டதில்லை.

2. ஒன்றரை மணி நேர ஓய்வு

சர்வர் நன்றாக ஓடியது. சில மாதங்கள் கழித்து, ஒரு புதன்கிழமை பகல், அவர் நாள்காட்டித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜரிகை அறைக்கு வந்தார். போன வாரம் இதே கிழமை மதியம் சென்னை கடை ஒன்றுக்கு விலைப்பட்டியல் அனுப்பியதாகவும், அந்த ஆர்டர் கிடைக்கவில்லை என்றும், அனுப்பிய நேரத்தைப் பார்த்தால் ராகு காலம் என்றும் சொன்னார்.

"நான் எழுதினது காலைலதான் டீச்சர். இந்தப் பொண்ணுதான் மதியானம் பட்டன அமுக்கிட்டா."

'இந்தப் பொண்ணு' அவருடைய மகள் நிவேதா. எம்.பி.ஏ. முடித்துவிட்டுக் கடைக்கு வந்த புதிது. அவள் அப்பாவை நேராகப் பார்த்து, "உங்க வெலையப் பாத்துத்தான்பா அவங்க ஓடிட்டாங்க. ராகு மேல ஏன் பழி போடறீங்க?" என்றாள்.

ஆனால் அவர் முடிவு செய்துவிட்டார். ராகு காலத்தில் கடையிலிருந்து எந்த மெயிலும் வெளியே போகக் கூடாது. யார் பட்டனை அழுத்தினாலும் சரி. அது முடியுமா என்று கேட்டார்.

முடியும். க்யூவில் இருக்கும் மெயிலை 'ஹோல்ட்' என்று நிறுத்திவைக்க சர்வரில் வழி உண்டு. பிறகு 'ரிலீஸ்' என்றால் போய்விடும். கிழமைக்கு ஒரு நேரம். அந்த அட்டவணை தெரியாத காலண்டர் தமிழ்நாட்டில் இல்லை. கெடிகாரம் பார்த்து ஹோல்ட், ரிலீஸ் இரண்டையும் செய்யும் சிறிய நிரல் ஒன்றை அன்று மாலையே எழுதிவிட்டேன். உள்ளே வரும் மெயிலையும் நிறுத்த வேண்டுமா என்று கேட்டதற்கு, அதிர்ந்துவிட்டார்.

"வர்றத ஏன் தடுக்கறீங்க? வர்றது எப்ப வேணா வரட்டும். போறதுதான் பாத்துப் போவணும்."

போகிற போக்கில் எமகண்டத்தையும் சேர்த்துவிடலாமா என்றார். நிவேதா முந்திக்கொண்டாள்: "குளிகையும் சேத்துடுங்கப்பா. அப்புறம் நாம கடைக்கே வர வேணாம்." எமகண்டம் கைவிடப்பட்டது.

நான் இதை ஒரு சிரிப்பாகச் சொல்லவில்லை. அந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது. கடையிலிருந்து நாளொன்றுக்குப் போகும் மெயில்களே சில டஜன்தான். அவற்றில் ஏழெட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனால் உலகத்தில் யாரும் கவனிக்கப் போவதில்லை. கவனிக்கக்கூடிய ஒரு கூட்டம் அந்த வரிசையில் ஏறும் நாள் வரை.

3. பன்னிரண்டு மணிக்குத் திறந்த மதகு

மெல்போர்னில் வசிக்கும் ஓர் அம்மாள், வாலாஜாபாத்தில் பிறந்தவர், தன் மகளின் தை மாதக் கல்யாணத்துக்காகக் கடைக்கு எழுதினார். பெயரை இந்திரா என்று வைத்துக்கொள்வோம். மணப்பெண்ணுக்கு ஒரு கோர்வைச் சேலை. அதாவது உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் தறியிலேயே, ஊடுநூலை ஓட்டும் நாடாக்கள் தனித்தனியாக வைத்து, கோத்து நெய்வது. அதோடு இரு வீட்டுப் பெண்களுக்கும் வரிசையாகச் சேலைகள். ஆடியில் பாவு, அதாவது தறியில் பூட்டும் நீள நூல், இல்லாமல் சும்மா கிடந்த பாதித் தறிகளுக்கு மார்கழி வரை வேலை. குமரேசன் தன் நெசவாளர்களிடம் அதைப் பற்றி வாய்விட்டே பேசிவிட்டார். அதனால் அந்த ஆர்டர் நழுவினால் அவர் கொடுத்த வாக்கும் சேர்ந்தே போய்விடும்.

இந்திரா அம்மாள் கறாரானவர். வேறொரு ஊர்க் கடை இரண்டு முறை இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்ததில் வெறுத்துப்போயிருந்தார். அவர் வைத்த நிபந்தனைகள் இவை: சாயம் தோய்த்த பட்டு நூலையே படம் எடுத்து அனுப்ப வேண்டும். செல்போனில் வரும் படம் சுருங்கி நிறம் மாறிவிடுவதால், முழு அளவுப் படம் மெயிலில் வேண்டும். அதுவும் கடையின் சொந்த முகவரியிலிருந்துதான் வர வேண்டும். வேறு முகவரியிலிருந்து வந்தால் ஏமாற்று மெயில் என்று எண்ணித் திறக்கமாட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நமக்கு மதியம் ஒன்றரை, மாப்பிள்ளை வீட்டார் வந்திருப்பார்கள். டிவி திரையில் படங்களைப் போட்டு எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குள் வராவிட்டால் அடுத்த கடை.

சாயக்காரர் வெள்ளிக்கிழமை காலைதான் சாயம் தோய்த்த நூல் கட்டுகளை, கழிகள் என்போம், கொண்டுவந்தார். ஈரம் உலராமல் படம் எடுத்தால் நிறம் கூடுதலாகத் தெரியும். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்து, அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு என்று கழிகளை வெயிலில் அடுக்கிக் காத்திருந்தோம். நிவேதா குடையைப் பிடித்துக்கொண்டு, அதன் நிழல் கழிகளில் விழாமல் விலக்கி விலக்கிப் படம் எடுத்தாள். கீழே வந்து மெயிலில் சேர்த்து அனுப்பியபோது ராகு காலம் தொடங்கிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

இந்த ஒரு மெயிலை மட்டும் ரிலீஸ் செய்துவிடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கல்யாண சமாச்சாரம் டீச்சர். நாம செய்யலாமா? பன்னெண்டுக்குப் போனாகூட ஒண்ணர மணி நேரம் கையில இருக்குது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று அந்த வரிசையில் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது.

நிவேதா ஆடித் தள்ளுபடி அறிவிப்பு ஒன்றைத் தயாரித்திருந்தாள். அழகான அறிவிப்பு. கடையின் பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் தனித்தனி மெயிலாகப் போகும்படி செய்து, படம் எடுக்க மாடி ஏறும் முன்பே கணினியை அனுப்பச் சொல்லிவிட்டிருந்தாள். ஆயிரக்கணக்கான மெயில்கள் ஒவ்வொன்றாக க்யூவில் இறங்கிக்கொண்டிருந்தன. பத்தரை அடித்ததிலிருந்து வெளியே போகாமல் அங்கேயே சேர்ந்து நின்றன. அவள் பார்வையில் அது வசதி: தான் நேரம் பார்க்க வேண்டியதில்லை, சர்வரே நல்ல நேரத்தில் அனுப்பிவிடும். அப்படித்தானே நானும் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டு ஆனது. என் நிரல் தன் கடமையைச் செய்தது. ஏரி மதகைத் திறந்ததுபோல எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே பாய்ந்தன.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் ஒரே பெரிய நிறுவனத்தின் இலவச மெயிலை வைத்திருப்பவர்கள். இந்திரா அம்மாளும் அப்படியே. அந்த சர்வருக்கு நம் கடை என்பது நாளுக்குச் சில டஜன் கடிதம் போடும் சாது. அந்தச் சாது திடீரென்று ஒரே நிமிடத்தில் ஆயிரம் கடிதத்தோடு கதவை இடித்தால் அது என்ன நினைக்கும்? யாரோ இந்தக் கணினியைக் கைப்பற்றிக் குப்பை மெயில் அனுப்புகிறார்கள் என்றுதான் நினைக்கும். நினைத்தது. திரையில் வரிசையாக ஓடிய பதிலின் சாரம் இது: 421, உங்களிடமிருந்து வழக்கத்துக்கு மாறாகக் கடிதங்கள் குவிகின்றன, பிறகு முயலவும்.

இந்திரா அம்மாளின் மெயில் அந்தக் கூட்டத்தின் வாலில் இருந்தது. அதற்கும் 421.

"நாலா, அஞ்சா?" என்றார் முதலாளி, வாசலில் நின்றபடி.

"நாலு."

"அப்பாடா" என்று இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, "எவ்ளோ நேரம் சாத்தியிருப்பான்?" என்றார். அதுதான் எனக்கும் தெரியவில்லை. எத்தனை நேரம் என்று அவர்கள் சொல்வதே இல்லை.

4. தறி நிற்குதா?

முதல் வேலையாக, தள்ளுபடி மெயில்கள் எல்லாவற்றையும் மீண்டும் ஹோல்டில் போட்டேன். வரிசையில் இந்திரா அம்மாளின் மெயில் மட்டும் தனியாக நின்றது. இரண்டாவது வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதைப் புதியவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு என்று பதில் வந்தால் சர்வர் தானே இடைவெளி விட்டுப் போகும். ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளும். நாம் அவசரப்பட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டினால், எதிர்ப்பக்கத்தின் சந்தேகம் உறுதியாகி நான்கு ஐந்தாக மாறும். அதற்குப் பிறகு கும்பிட்டாலும் திறக்காது.

சும்மா இருப்பது முதலாளிக்கு வராது. அவர் இந்திரா அம்மாளுக்கு ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலை முடிந்துதான் ஃபோனைத் தொடுவார் என்று நிவேதா நினைவூட்டினாள். கொஞ்ச நேரம் நடந்தார். பிறகு சத்தமில்லாமல் கல்லாப் பக்கம் போனார். என் திரையில் அதே மெயில் இன்னொரு பிரதியாக வரிசையில் வந்து நின்றது. அடுத்து இன்னொன்று. அடுத்தடுத்து வந்தவை அவருடைய செல்போனிலிருந்து.

நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன், ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் இன்னொரு ஆளை அதே மூடிய கதவுக்கு அனுப்புகிறீர்கள் என்று.

"ஒரே ஒரு தபாதான் அமுக்கினேன்" என்றார்.

"அப்பா, எனக்கு இங்க எல்லாம் தெரியுது. அஞ்சு தபா."

"அப்ப போனு தானா அமுக்கிக்கிச்சி."

நிவேதா அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு டம்ளர் மோரைக் கொடுத்தாள். பிரதிகளைப் பிடித்துப் பிடித்து அழிக்கும் வேலை எனக்கு. எல்லாவற்றையும் பிடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஜரிகை அறையில் ஏசியின் ஓசையை விட்டால் வேறு ஓசை கிடையாது. ஆனால் கதவு திறந்திருந்ததால் பின் தெருவிலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நம் கடைக்கு நெய்பவரின் வீடுதான். நிவேதா சிறிது நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தத் தறி காலைலேர்ந்து ஓடிக்கினே இருக்குது. நடுவுல நின்னுதா?"

"ஏன் நிக்கணும்?"

"பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்?"

"தறிய ஏன் நிறுத்தணும்? பாவு பூட்டறதுக்கு நேரம் பாப்போம். மொத எழ நல்ல நேரத்துல போட்டுட்டோம்னா அப்புறம் ராகு வந்தா என்ன, கேது வந்தா என்ன? ராகு காலத்துக்கெல்லாம் தறிய நிறுத்தினா யாரு..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார். மோரைக் குடித்தார். சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நிவேதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிச்சிடு நிவி, பரவால்ல" என்றார். பிறகு என்னிடம், "ஏன் டீச்சர், இந்தப் பொட்டிய விஜயதசமில நல்ல நேரம் பாத்துத்தானே போட்டோம்?"

"ஆமாம்."

"அப்ப இதுவும் ஓடிக்கினு இருக்கற தறிதான். நாந்தான் தெனமும் நிறுத்தி நிறுத்திப் பூட்டிக்கினு இருந்திருக்கேன்."

அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தோம். நேரம் ஒன்றைத் தாண்டியிருந்தது, ஆர்டர் அந்தரத்தில் நின்றது, ஆனாலும் அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அப்போது சர்வர் மறுபடி போனது. எதிர்ப்பக்கம் கதவைத் திறந்தது. யார் என்று கேட்டது, யாருக்கு என்று கேட்டது, கொண்டுவா என்றது. படங்கள் பெரியவை, ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் 250.

"ரெண்டு" என்றேன். முதலாளிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. 250 என்றால் அவர்களுடைய சர்வர் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். அந்த அம்மாள் கண்ணில் பட்டது என்று பொருளல்ல. இவ்வளவு சந்தேகத்துக்குப் பிறகு ஸ்பேம் பெட்டியில் போட்டிருக்கவும் கூடும். ஒன்றேகாலுக்கு மேல் அவர் ஃபோனை எடுத்தார். ஸ்பேமில் பார்க்கச் சொன்னோம். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"ஸ்பேம்னா அந்த லாட்டரி வுழுந்துதுன்னு வருமே, அங்கியா? இருங்க... ஆங், இருக்குது. ஒண்ணு. அதே இன்னொண்ணு. அதே இன்னொண்ணு. ஏங்க, மூணு தபா அனுப்பிக்கிறீங்களே, நூல் வித்துப்போயிடும்னு பயமா?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் மோர் டம்ளரை ஆராய்ந்துகொண்டிருந்தார். என் கைக்குத் தப்பிய இரண்டு பிரதிகளும் பத்திரமாகக் கடல் கடந்துவிட்டிருந்தன.

"இது ஸ்பேம் இல்ல" என்று குறிக்கும் பட்டனை அழுத்தச் சொன்னேன். அதை அழுத்தினால் அந்த சர்வர் நம் கடையைக் கொஞ்சம் நம்பத் தொடங்கும். பெறுபவர் நமக்காகச் சொல்லும் ஒரு சாட்சிதான் அது. அழுத்தியதாகச் சொன்னார். வீட்டில் ஆட்கள் வந்துவிட்டார்கள், டிவியில் போடப் போகிறோம், முடிவை மெயிலிலேயே எழுதுகிறேன் என்று வைத்துவிட்டார்.

அன்று மாலைவரை பதில் வரவில்லை. நிவேதா தள்ளுபடி மெயில்களைச் சொட்டுச் சொட்டாக, சனி ஞாயிறு முழுவதும் பரவிப் போகும்படி விட என்னோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். முதலாளி கடையைப் பூட்டும்போது, "நாலுமில்ல, அஞ்சுமில்ல, ஒண்ணுமே வரலியே டீச்சர்" என்றார். மனிதர்களுக்கு எண் கிடையாது என்றேன்.

5. சனிக்கிழமை காலை

மறுநாள் காலை நான் காபியோடு கடையின் மெயிலைத் திறந்தபோது இந்திரா அம்மாளின் பதில் வந்திருந்தது. உடல் அரக்கு, கரை மயில்கழுத்து. வரிசைச் சேலைகளுக்கும் நிறங்கள் குறித்திருந்தார். மாப்பிள்ளையின் அத்தைக்கு வெங்காயச் சருகு நிறம் அவ்வளவு பிடித்துவிட்டதால் ஒரு சேலை கூடுதல். கடைசி வரி: "மெயில் ஒரு தடவை அனுப்பினால் போதும்."

முதலாளிக்கு ஃபோன் செய்து படித்துக் காட்டினேன். அவர் அப்போதே நெசவாளரிடம் சொல்லப் பின் தெருவுக்கு நடந்து போய்விட்டார் என்று பிறகு நிவேதா சொன்னாள். அன்று கடை திறந்ததும் எனக்குக் கிடைத்தது கோயில் இட்லி, வாழை இலையில் சுற்றி, ஜரிகை அறைக்கே வந்தது. பெட்டிக்குப் புதுக் குங்குமம். ஃபேன் பக்கத்தை விட்டுவிட்டுத்தான்.

ஹோல்ட் நிரலை நீக்கினேன். அதன் இடத்தில் இப்போது வேறொன்று ஓடுகிறது. தினமும் காலையில், அந்தந்தக் கிழமையின் நல்ல நேரத்தில், கடையின் முகவரியிலிருந்து கடையின் முகவரிக்கே ஒரு மெயில் போகும். அதில் ஒரு பிள்ளையார் சுழி மட்டும். முதலாளியின் கணக்கில் அதுதான் அன்றைய முதல் இழை. அது போன பிறகு யார், எப்போது, என்ன மெயிலை வேண்டுமானாலும் அனுப்பிக்கொள்ளலாம். எனக்கும் அதனால் ஒரு லாபம் உண்டு: அந்தச் சுழி வந்து சேராத நாளில், வாடிக்கையாளர் யாரும் புகார் சொல்லும் முன்பே சர்வரில் கோளாறு என்று தெரிந்துவிடும். இன்றுவரை இரண்டு தடவை அப்படிப் பிடித்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். நான்கு என்றால் காத்திருங்கள். இரண்டாவது தடவை அழுத்தாதீர்கள், முதலாளியையும் அழுத்த விடாதீர்கள். கூட்டமாக அனுப்ப வேண்டியதை மெல்ல அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்காரர் ஒரு விதியைச் சொன்னால், உடனே நிரலாக எழுத உட்காராமல், அதே விதியை அவர் தன் தொழிலில் எப்படி நடத்துகிறார் என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் பின் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி. இந்திரா அம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலையே எல்லோரும் நிறங்களைப் பார்த்து முடிவு செய்துவிட்டதாக அவருடைய மெயிலே சொல்கிறது. பிறகு ஏன் சனிக்கிழமை காலைவரை அனுப்பவில்லை? மெயிலின் தலைப்பகுதியில் அனுப்பிய நேரம் மெல்போர்ன் கணக்கில் பதிவாகியிருந்தது. அந்த ஊரின் அன்றைய சூரிய உதயம், அஸ்தமனம் இரண்டையும் தேடி எடுத்து, ராகு காலம் பகலில் எட்டில் ஒரு பங்கு என்பதால், பகலை எட்டாகப் பிரித்துக் கணக்குப் போட்டேன். அங்கே சனிக்கிழமை ராகு காலம் முடிந்த சற்று நேரத்தில் அந்த மெயில் கிளம்பியிருக்கிறது.

தற்செயலாகவும் இருக்கலாம். வாலாஜாபாத்தில் பிறந்தவர் என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. எனவே இதை உறுதி செய்யப்படாத தகவல் என்றே இங்கே பதிவு செய்கிறேன்.